நூற்றெட்டாவது செவ்வரத்தை

செவ்வரத்தை வளர்ப்பதும் ஒரு வேலையா என்று கேட்பவர்களை எங்கள் வளவுக்கு ஒருதரம் கூட்டிக்கொண்டு வந்து, கிணற்றுத் தண்ணீரில் ஒரு மிடறு குடிக்கக் கொடுக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. செம்பருத்திதானே, கொப்பை ஒடித்துக் குத்தினால் தானாக வளரும், ஆடு கடித்தாலும் துளிர்க்கும், அதைப் போய் யாராவது கொப்பி போட்டு எழுதி வளர்ப்பார்களா என்று என் காதுபடவே சிரித்திருக்கிறார்கள். சிரித்தவர்கள் எல்லோரும் வாவியிலிருந்து தள்ளி, நல்ல தண்ணீர்க் கிணறு வைத்திருப்பவர்கள். எங்கள் வளவு வாவிக் கரையில் இருக்கிறது. மாரியில் எங்கள் கிணறு இனிக்கும். ஆனி பிறந்தால் சாடையாகக் கரிக்கும். ஆவணியில் அந்தத் தண்ணீரில் தேத்தண்ணி போட்டால் எத்தனை கரண்டி சீனி போட்டாலும் நாக்கில் உப்புத்தான் நிற்கும். மனிதருக்குக் குழாய்த் தண்ணீர் வந்துவிட்டது. மரத்துக்கு யார் குழாய் போடுவார்கள்?

நான் முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் கட்டவில்லை. பக்கத்து வீடு என் தங்கையுடையது. எங்கள் பகுதியில் வீடுவளவு பெண்பிள்ளைகளுக்குத்தான் என்பதால், அம்மாவின் வளவில் இரண்டு வீடு கட்டி ஆளுக்கொன்றாய்த் தந்தார்கள். நடுவில் வேலி போட எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவேயில்லை. எனக்கு வாய் பெரிது, அவளுக்குக் கண்ணீர் பெரிது. நான் ஏசுவேன், அவள் அழுவாள், பின்னேரம் இரண்டு பேரும் ஒரே முட்டியில் தேத்தண்ணி குடிப்போம். இப்படியே ஐம்பது வருடம் ஓடிவிட்டது.

செவ்வரத்தையை ஆரம்பித்தது நான் இல்லை, அவள்தான். அவளுடைய புருசனுக்கு வாழைச்சேனைப் பக்கம் ஒரு வெல்டிங் பட்டறையில் வேலை. கண்ணாடி போடாமல் இரும்பை அரைத்த ஒரு பின்னேரம், தெறித்த துகள் ஒன்று மச்சானின் வலது கண்ணில் ஏறிவிட்டது. சத்திரசிகிச்சை செய்தார்கள். பார்வை திரும்புமா இல்லையா என்று ஒரு கிழமை கழித்துத்தான் சொல்லலாம் என்றார்கள். அந்த ஒரு கிழமைக்குள் என் தங்கை அம்மனுக்கு நேர்த்தி வைத்துவிட்டாள். கண் திரும்பினால், தன் கையால் வளர்த்த செவ்வரத்தையில் நூற்றெட்டுப் பூப் பறித்து, ஒரே மாலையாகக் கட்டி, குளிர்த்தியன்று சாத்துவதாக.

எங்கள் ஊர்க் கண்ணகி அம்மன் கோயில் வருசத்தில் ஒருமுறை, வைகாசியில்தான் கதவு திறக்கும். ஒரு கிழமை சடங்கு நடக்கும். கடைசியில் அம்மனின் சூட்டைத் தணிக்கிற குளிர்த்தி. அதோடு கதவைச் சாத்தினால் மறுபடி அடுத்த வைகாசிதான். ஒரு நாள் தவறினால் ஒரு வருசம் போச்சு.

நேர்த்தி வைக்கும் முன் என்னைக் கேட்டிருந்தால், அலரி வை, நந்தியாவட்டை வை என்று சொல்லியிருப்பேன். செவ்வரத்தை ஒருநாள் பூ. காலையில் விரியும், பின்னேரம் சுருண்டு விழும். நேற்றைய பூவைச் சேர்த்துவைக்க முடியாது, நாளைய மொட்டைப் பறித்தால் மாலையில் மொட்டாகவே தொங்கும். ஒரே காலையில், ஒரே வளவில், நூற்றெட்டு விரிய வேண்டும். அதுவும் குளிர்த்தி நாளில். இதை நான் விளக்கியபோது அவள், “கண்ணப் பத்தி நினைச்சனே தவிர கணக்கப் பத்தி நினைக்கல்ல அக்கா” என்றாள்.

கண் திரும்பியது. நேர்த்தியும் தலையில் நின்றது.

முதலில் பட்டணத்து நேர்சரியில் போய் இருபது கன்று வாங்கினோம். கையகலப் பூ, அடுக்கு இதழ், மஞ்சளும் செம்மஞ்சளுமாய். அவற்றைப் பார்த்து ஊரே வாயைப் பிளந்தது. ஆவணி வந்தது. இலை ஓரம் முதலில் கருகியது, பிறகு கொட்டியது, பிறகு தண்டை நகத்தால் கீறிப் பார்த்தால் உள்ளே பச்சையே இல்லை. கிணற்று உப்பு இருபதையும் தின்றுவிட்டது. தங்கை ஒவ்வொரு மரத்தின் அடியிலும் குந்தி இருந்து அழுதாள். “அந்தக் கண்ணீரை வேற எங்கயும் விடு. அதிலயும் உப்புத்தான்” என்று நான் கத்தினேன். கத்தியது தப்பு. ஆனால் கத்தாமல் இருந்தால் நானும் அழுதிருப்பேன்.

அதற்குப் பிறகுதான் எனக்கு ரோசம் வந்தது. கரையோரமாக ஒரு பின்னேரம் நடந்து பார்த்தேன். வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். ஆற்றுத் தண்ணீரிலிருந்து இருபதடி தள்ளி ஒரு வேதக்காரப் பெண்ணின் வீடு. அவளுடைய வேலி முழுக்கப் பழைய ஒற்றைச் செவ்வரத்தை, சாதாரணச் சிவப்பு. ஆவணி வெயிலில், அந்த உப்பு நிலத்தில், வேலி நிறையப் பூத்து நின்றது. சனிக்கிழமைதோறும் அவள் அதைப் பறித்து மாதா கோயிலுக்குக் கொண்டுபோவாள்.

“இது உப்புக்குப் பழகின மரம் டீச்சர்,” என்றாள். “நேர்சரி மரம் மாதிரிச் செல்லம் கொஞ்சாது. ஆனா பச்சைக் கொப்பு வெட்டாதீங்க, அழுகிப்போகும். பென்சில் தடிப்பில, மரப்பட்டை விழுந்த கொப்பாப் பாத்து வெட்டுங்க.”

அம்மனுக்கு என்று தயங்கித்தான் சொன்னேன். அவள் தானே கத்தியை எடுத்து நாற்பது கொப்பு வெட்டித் தந்தாள். “மாதாவுக்கு ஒரு கிழமை பூக் குறைஞ்சா அவ கோவிக்க மாட்டா” என்று சிரித்தாள்.

ஐப்பசி மழைக்கு நட்டோம். இந்தமுறை நிலத்தில் நேராக நடவில்லை. அடியில் தேங்காய்ப் பொச்சுமட்டையை அடுக்கி, அதன்மேல் மண்ணை வரம்பாக உயர்த்தி, அந்த வரம்பில் நட்டோம். மார்கழியில் ஆறு பெருகி வளவுக்குள் கணுக்கால் தண்ணீர் நின்றபோது வரம்பு மட்டும் வெளியே தெரிந்தது. கோடையில் உப்பு மேலே ஏறாமல், குளத்தில் மிதக்கிற ஆற்றுவாழையை அள்ளிக் காயவைத்து வேரடியை மூடினோம். அரிசி கழுவிய தண்ணீர், கோப்பை கழுவிய தண்ணீர், குழாயில் வரும் எதையும் வீணாக்கவில்லை. மீன் கழுவிய தண்ணீரும் மரத்துக்கு நல்லதுதான். அம்மனுக்குப் போகிற பூவுக்கு மீன் தண்ணியா என்று அவள் சட்டியைப் பிடுங்கிக்கொண்டு போய்த் தென்னையடியில் ஊற்றினாள். அதற்கும் ஒரு சண்டை பிடித்தோம்.

அடுத்த வைகாசியில் குளிர்த்தியன்று காலை எண்ணிப் பார்த்தேன். முப்பத்தொன்பது. மரம் இன்னும் சின்னது. மிச்சத்தை ஊரில் வாங்கிச் சேர்க்கலாம் என்றேன். “என்ர கையால வளத்த பூ எண்டுதானே சொன்ன நான்” என்றாள். முப்பத்தொன்பதையும் மரத்திலேயே விட்டாள். பின்னேரம் அவை சுருண்டு விழுந்தன.

அந்த வருசம் மச்சானின் கண்ணில் சாடையாக ஒரு மங்கல் வந்தது. கிளினிக்கில், காயத்தின் தழும்பு அப்படித்தான் இருக்கும், சொட்டு மருந்தை விடுங்கள் என்றார்கள். தங்கை அவர்களை நம்பவில்லை. நேர்த்தி நிற்கிறதால்தான் மங்குகிறது என்று மனதில் போட்டுக்கொண்டாள். எனக்குச் சாமியில் பெரிய பிடிப்பு இல்லை. ஆனால் அவள் காலையில் எழும்பி முதல் வேலையாகப் புருசனின் முகத்துக்கு நேரே கையை நீட்டி, “எத்தனை விரல்?” என்று கேட்பதைப் பார்த்திருக்கிறேன். ஒரு நாள் இல்லை, ஒவ்வொரு நாளும். அதைப் பார்த்த பிறகு அந்த மரங்கள் எனக்கும் விளையாட்டாக இல்லை.

ஆகவே இந்த வருசம் நான் பொறுப்பை எடுத்தேன். பங்குனியில் தளிரில் வெள்ளைப் பூச்சி பஞ்சாய் ஒட்டியபோது, சவர்க்காரத் தண்ணீரும் பழைய பல் துலக்கும் பிரசுமாக இலை இலையாகத் தேய்த்தேன். அதற்கு முன்பே, மாசி முடிவில், நாற்பது மரத்தையும் இடுப்புயரத்துக்கு வெட்டினேன். செவ்வரத்தை புதுக் கொப்பில்தான் பூக்கும். எப்போது வெட்டினால் எப்போது பூக்கும் என்று போன வருசமே நாலு மரத்தில் வெவ்வேறு நாளில் வெட்டிக் கொப்பியில் எழுதிவைத்திருந்தேன். தங்கைக்கு அது விளங்கவில்லை. மொட்டையாய் நின்ற வரம்பைப் பார்த்து நெஞ்சில் அடித்துக்கொண்டாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. சித்திரையில் கொப்புக்குக் கொப்பு மொட்டு வந்த பிறகுதான் தேத்தண்ணியோடு வந்து நின்றாள்.

இந்தக் கதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமைதோறும் கேட்டுக்கொண்டிருந்தவர் ஒருவர் உண்டு. சுவிசில் இருந்த எங்கள் அண்ணன். பெரியம்மாவின் மகன். கூடப் பிறந்த அண்ணன் எங்களுக்கு இல்லாததால் அந்த இடம் முழுக்க அவருக்குத்தான். முப்பது வருடத்துக்கு முன் போனவர். மூன்றாம் மாடியில், யன்னலோரம், ஒரு சட்டியில் செவ்வரத்தை வைத்திருந்தார். வருசத்துக்கு மூன்று பூவோ நாலு பூவோ பூக்கும். ஒவ்வொன்றையும் படம் எடுத்து அனுப்புவார், முதல் பிள்ளை பெற்றவர் மாதிரி. ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் அழைத்து, அந்தச் சட்டியைத் தூக்கிக் காட்டி, “இலை மஞ்சளடிக்குது தங்கச்சி, என்ன செய்யிற?” என்பார். “தண்ணியைக் குறையுங்க அண்ணன். உங்கட நாட்டில வெயிலே இல்ல, நீங்க ஆறு மாதிரி ஊத்துறீங்க” என்று நான் ஏசுவேன். ஏச்சு வாங்குவதற்கென்றே எடுப்பாரோ என்று சிலநேரம் நினைப்பேன். பிறகு நான் போனைத் திருப்பி எங்கள் வரம்பைக் காட்ட வேண்டும். ஒவ்வொரு மரமாகப் பார்ப்பார்.

அண்ணனுக்கு இரண்டு வருசமாக நெஞ்சு வருத்தம். குளிர்த்திக்கு முந்தின ஞாயிறு மூச்சு வாங்கிக்கொண்டுதான் பேசினார். “நூத்தெட்டு வந்திருமா?” என்றார். வரும் என்றேன். “மாலை கட்டினா ஒரு படம் அனுப்பு” என்றார்.

குளிர்த்தியன்று காலை ஐந்தரை மணிக்கு நான் குசினியில் இருந்தேன். முந்தின பின்னேரம் எண்ணியபோது விரியக்கூடிய மொட்டு நூற்றுப் பதினொன்று. மூன்று பழுதானாலும் போதும். வெளிச்சம் வந்தவுடன் பறிக்கத் தொடங்குவதாகப் பேச்சு. போன் அடித்தது. சுவிஸ் நம்பர். அண்ணனின் மனைவி, எங்கள் மச்சாள்.

“தங்கச்சி, உங்கட அண்ணன் போயிட்டார்” என்றார். ஆஸ்பத்திரியில், ஒரு மணித்தியாலத்துக்கு முன், அங்கே நடுச்சாமம் தாண்டி. முந்தின பின்னேரம்தான் கொண்டுபோயிருக்கிறார்கள். “முதல்ல உனக்குத்தான் எடுக்கிறன். எல்லாருக்கும் நீதான் சொல்ல வேணும்.”

எங்கள் ஆட்களுக்குச் சாவுத் துடக்கு முப்பத்தொரு நாள். எங்கள் பக்கத்தில் குடி தாய்வழியில் வரும். அண்ணனும் நாங்களும் ஒரே குடி என்பதால், அவர் கடல் கடந்து இறந்தாலும் துடக்கு எங்கள் வீட்டுக்குத்தான். துடக்கு வீட்டார் கோயில் வாசல் மிதிக்கக் கூடாது. அவர்கள் தொட்ட பூ சாமிக்கு ஆகாது. ஆனால் அந்த வழக்கத்திலேயே ஒரு விதி இருக்கிறது. செய்தி காதில் விழுந்த பிறகுதான் துடக்கு. காதில் விழாதவருக்கு அது இல்லை.

என் காதில் விழுந்துவிட்டது. தங்கையின் காதில் இன்னும் விழவில்லை.

அழுகை வருவதற்கு முன் எனக்குக் கணக்குத்தான் வந்தது. அதை நினைத்து இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். “மச்சாள்,” என்றேன், “மத்தியானம் வரைக்கும் இஞ்ச ஒருத்தருக்கும் சொல்லாதீங்க. அங்கயும் சொல்லாதீங்க.” அங்குள்ள நம் ஆட்கள் ஒருவருக்குச் சொன்னால் போதும், பத்து நிமிடத்தில் பேஸ்புக்கில் படம் ஏறி, எங்கள் ஒழுங்கை முனைக்கு வந்து சேரும்.

புருசனைப் பறிகொடுத்து ஒரு மணித்தியாலமான பெண்ணிடம் என்ன கேட்டுவிட்டேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர்களுக்குப் பிள்ளைகளும் இல்லை.

“இண்டைக்குக் குளிர்த்தி என்ன?” என்றார் மச்சாள்.

“ஓம்.”

“அவர் நேத்தும் கேட்டவர். மூக்கில குழாயோட கேட்டவர், பூ வந்திருக்குமா எண்டு.” பிறகு, “நான் சொல்லல்ல. நீ போனை வை” என்றார்.

போனை அரிசிப் பானைக்குள் வைத்து மூடினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியாது. சாவுச் செய்தி கேட்டால் தலைமுழுக வேண்டும். முழுகினால் விடியற்காலையில் ஏன் தலை ஈரம் என்று கேட்பாள். முழுகவில்லை. குசினி வாசல் படியில் வந்து குந்தினேன்.

“அக்கா! இன்னும் என்ன செய்யிற? பூ விரிஞ்சிற்று, வா கா சுறுக்கா!”

நாற்பது மரமும் சிவந்து நின்றன. இரண்டு வருசமாக நான் காத்திருந்த காலை அது. இறங்கிப் போக எனக்குக் கால் துடித்தது. எனக்குத் துடக்கில் நம்பிக்கை இல்லை, அவளுக்கு இருக்கிறது. என் கை பட்ட ஒரு பூ அந்த மாலைக்குள் போனால் நேர்த்தி பழுது என்பது அவள் கணக்கு. அவள் கணக்கில் நான் களவு செய்ய முடியாது.

“இடுப்புப் பிடிச்சிற்று. நீயே பூவ ஆய்.”

“இண்டைக்கெண்டு பாத்துத்தான் உனக்கு இடுப்புப் பிடிக்குதா? இவ்வளவு நாளும் ஒரு பூவத் தொட விட்டியா? கொப்பியத் தூக்கிக்கொண்டு நீதானே எண்ணித் திரிஞ்ச? இப்ப நூத்தெட்டும் நானே ஆயணுமா?”

வேறு நாளென்றால் ஒன்றுக்குப் பத்தாகத் திருப்பிக் கொடுத்திருப்பேன். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அவள் ஏச ஏச எனக்கு அது ஆறுதலாகக்கூட இருந்தது. ஏச்சுக்கு நடுவில் முகம் கோணினால் யாரும் காரணம் கேட்க மாட்டார்கள்.

அவள் பறித்தாள். மச்சான் பனையோலைப் பெட்டியை ஏந்திக்கொண்டு பின்னால் நடந்து, சத்தமாக எண்ணினார். ஐம்பது. எழுபது. நான் ஒவ்வொரு மரத்தையும் அது வெறும் கொப்பாய் இருந்த நாளிலிருந்து அறிவேன். இந்த மரத்தை அண்ணன் வீடியோவில் பார்த்து, இது ஏன் சாய்ந்திருக்கிறது என்று கேட்டார். அந்த மரத்துக்குக் கம்பு கட்டச் சொன்னதும் அவர்தான். நூறு. நூற்றைந்து.

“நூற்றியேழு,” என்றார் மச்சான். “முடிஞ்சுது. இன்னும் ஒண்டு பாருங்க.”

இரண்டு பேரும் வரம்பை இரண்டு சுற்றுச் சுற்றி வந்தார்கள். இரவு எலி கடித்ததோ என்னவோ, சில மொட்டு விரியவேயில்லை. ஒன்றையும் காணவில்லை. தங்கையின் முகம் வெளிறத் தொடங்கியது. கையில் கொப்பி இல்லாமலே எனக்குத் தெரியும், ஒன்று மிச்சம்.

“கிணத்தடி மரத்தில பார்,” என்றேன் படியில் இருந்தபடியே. “மதில் பக்கம், கீழ்க் கொப்பு. இலைக்குள்ள நிக்கும்.”

அவள் போய் இலையை விலக்கினாள். “எங்க? காணல்ல. வந்து காட்டு கா.”

“வர ஏலாது. இன்னும் கீழ. வலப்பக்கம். நிலத்தப் பாத்தபடி நிக்கும்.”

குனிந்தாள். எடுத்தாள். நிமிர்ந்து, பூவைக் கையில் வைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். என் இரண்டு கையும் மடியில் கிடந்தன. பத்தடி தூரம்தான். ஒரு பூவுக்காக நான் வெள்ளத்துக்குள் இறங்கிய ஆள் என்று அவளுக்குத் தெரியும். எதையோ கேட்க வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். பெட்டியில் பூவைப் போட்டுவிட்டுத் தன் வீட்டுக்குள் போய்விட்டாள். கோபம் என்று நினைத்தேன்.

அங்கே விறாந்தையில் மாலை கட்டினார்கள். ஊசியில் நூல் கோக்க மச்சான்தான் கோப்பேன் என்று நின்றார். இடக் கண்ணைப் பொத்திக்கொண்டு, அந்த வலது கண்ணால். மூன்றுதரம் தவறி நாலாவது தரம் நூல் ஏறியது. தங்கை ஊசியை வாங்கிக்கொண்டாள். ஒன்பது மணிக்கு வெள்ளைத் துணியால் பெட்டியை மூடித் தலையில் வைத்துக்கொண்டு புறப்பட்டார்கள். “நீ வரல்லையா?” என்று அவள் என்னைக் கேட்கவில்லை. கேட்காதது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

படலை சாத்திய சத்தம் கேட்டபிறகு கிணற்றடிக்குப் போய்த் தலையில் வாளி வாளியாக ஊற்றினேன். எத்தனை வாளி என்று எண்ணவில்லை. என் வாழ்க்கையில் நான் எண்ணாமல் செய்த ஒரே காரியம் அதுவாகத்தான் இருக்கும். சத்தம் போட்டு அழலாம் என்று பார்த்தால் அப்போதும் வரவில்லை. மச்சாள் அந்த மூன்றாம் மாடியில் யாருமில்லாமல் இருக்கிறார் என்பதுதான் திரும்பத் திரும்ப வந்தது.

மத்தியானம் திரும்பி வந்தார்கள். மச்சான் நேரே அவர்கள் வீட்டுக்குப் போய்விட்டார். தங்கை என் குசினிப் பக்கம் வந்தாள். கையில் வாழையிலையில் கோயில் பொங்கல். வழக்கமாக உள்ளே வந்து என் வாயிலேயே ஊட்டிவிடுகிறவள். அன்றைக்குப் படிக்கு இரண்டடி தள்ளி நின்றாள். இலையை மதிலில் வைத்தாள். என் ஈரத் தலையைப் பார்த்தாள்.

“மாலை சாத்தியாச்சு,” என்றாள். “குளிர்த்தியும் முடிஞ்சுது. இனிச் சொல்லு. ஆரு கா?”

நான் முந்தானையால் தலையைத் துவட்டத் தொடங்கினேன்.

“அந்தக் கடைசிப் பூவுக்கு நீ எழும்பி வரல்ல. அப்பவே விளங்கிற்று. கேட்டா நீ சொல்லிப்போடுவாய். உனக்குப் பொய் சொல்ல வராது. அதுதான் கேக்கல்ல.” மதிலில் வைத்த இலையின் ஓரத்தை மடித்தாள். “கோயில்ல மாலையத் தூக்கிக் குடுக்கக்குள்ள, அது ஆரா இருக்கும், ஆரா இருக்கும் எண்டு ஒவ்வொருத்தரா நினைச்சு நினைச்சுக் குடுத்தன். சொல்லு.”

சொன்னேன். அவள் அப்படியே மண்ணில் இருந்துவிட்டாள்.

ஒரு பாடு அழுத பிறகு, “படம் கேட்டாரே” என்றாள். மாலையை மச்சான் தன் போனில் எடுத்திருந்தார். அவரைக் கூப்பிட்டாள். அண்ணனின் நம்பருக்கே அதை அனுப்பினாள். அனுப்பாதே என்று நான் சொல்லவில்லை. அரிசிப் பானைக்குள்ளிருந்து என் போனை எடுத்துக்கொண்டு வந்து, மூன்று பேரும் படியில் இருந்தோம். கொஞ்ச நேரத்தில் அண்ணனின் நம்பரிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. திரையில் அண்ணனின் படம் தெரிந்தது. மச்சாள்தான்.

தங்கை போனைப் பறித்தாள். “என்னாலதான் மச்சாள் நீங்க தனிய இருந்த. என்னை மன்னிச்சிருங்க” என்று கதறினாள். மச்சாள் அங்கிருந்து அவளைத் தேற்றினார். பூ நல்ல நெருக்கமாக வந்திருக்கிறது என்றார், அவர் பார்த்திருந்தால் ஊர் முழுக்க அனுப்பியிருப்பார் என்றார். பிறகு போனை என்னிடம் கொடுக்கச் சொன்னார்.

“தங்கச்சி, நான் வீட்ட வந்திற்றன். ஆருக்கும் எடுத்துப் பேசவும் ஏலாது, என்ன செய்யிறதெண்டும் விளங்கல்ல. அவர்ர பூமரத்துக்குத் தண்ணி ஊத்தினன். கொஞ்சம் ஊத்தினன், மறுகாப் போய் இருந்தன், மறுகா வந்து ஊத்தினன். விடியும்வரைக்கும் அதத்தான் செய்த. இப்ப பாத்தா சட்டி நிரம்பி, கீழ்த் தட்டும் நிரம்பி, நிலமெல்லாம் தண்ணி.”

காலையிலிருந்து அவரிடம் சொல்வதற்கு எத்தனையோ சேர்த்து வைத்திருந்தேன். மன்னிப்பு என்று தொடங்க வேண்டும் என்றுகூட நினைத்திருந்தேன்.

“தட்டில நிக்கிற தண்ணியக் கொட்டிப்போடுங்க மச்சாள்,” என்றேன். “ஒரு கிழமைக்கு ஊத்தாதீங்க. வேர் அழுகிப்போகும்.”

“சரி.” அவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. “அதுக்குப் பிறகு எப்ப ஊத்துற? எனக்கு அது ஒண்டும் தெரியாதே. அவர்தானே பாத்த.”

“நான் சொல்லித் தாறன். சட்டியத் தூக்கிக் காட்டுங்க, நான் பாத்துச் சொல்லுறன். ஞாயிற்றுக்கிழமை எடுங்க” என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை என்ற சொல் வாயிலிருந்து போன பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.